பார்டரிலிருந்து ஒரு குரல்

வடக்கே எல்லையில் சண்டை மூண்ட மூன்றாம் நாள். குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. துப்பறியும் நிபுணர் சிவனணைந்தபெருமாளின் அலுவலகக் கதவை யாரோ தட்டினார்கள். அவர் தலையை நிமிர்த்தாமலே, "பாத்ரூம் கீழ, சிப்ஸ் கடைக்குப் பின்னால" என்றார்.

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. சீசன் நாட்களில் அந்த மாடிக்கு ஏறி வருகிறவர்கள் இரண்டே ரகம்: கழிப்பறை தேடுகிறவர்கள், எண்ணெய் மசாஜ் இங்கேதானா என்று விசாரிக்கிறவர்கள். துப்பறியச் சொல்லி ஏறி வந்த கடைசி ஆள் போன மாதம் வந்தார். காணாமல் போன வெள்ளாட்டைக் கண்டுபிடித்துத் தரவேண்டும் என்றார். பெருமாள் மேலகரம் வரை அலைந்து திரும்பியபோது, ஆடு இதே மாடிப்படியில் நின்று அவருடைய அட்டை விளம்பரப் பலகையைத் தின்றுகொண்டிருந்தது. 'சிவன' வயிற்றுக்குள் போய்விட்டது. மிச்சமிருந்த 'ணைந்தபெருமாள்' என்பதை உதவியாளர் எப்சிபா 'நைந்தபெருமாள்' என்று வாசித்தாள். பொருத்தமாகத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று யோசனையும் சொன்னாள்.

"பாத்ரூம் தேடி வரல," என்றார் வாசலில் நின்ற பெண்மணி. "ஒரு குரலத் தேடி வந்திருக்கேன்."

பெருமாள் மேசையிலிருந்து காலை எடுத்தார்.

"உக்காருங்க டீச்சர்," என்று எப்சிபா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "அண்ணாச்சி இப்பத்தான் முழிக்காவ."

வந்தவர் ஆனந்தவள்ளி. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இலஞ்சியில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு மாடி அறையில் 'குறுஞ்சாரல்' என்ற சமுதாய வானொலியை நடத்திவருகிறார். மற்ற நாட்களில் அதில் நெல்லுக்கு உரம் போடுவது எப்படி என்பதும் கோயில் கொடைத் திருவிழா அறிவிப்புகளும்தான் வரும். சண்டை மூண்ட அன்றே ஆனந்தவள்ளி அதைத் தலைகீழாக மாற்றிவிட்டார். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் ராணுவத்தில் இருக்கிறார்கள். வீடுகளில் அம்மாக்களும் பெண்டாட்டிகளும் வாட்ஸப்பைப் பார்த்துப் பார்த்து அரண்டுபோய்க் கிடந்தார்கள். குண்டாறு அணைக்குள் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது என்று ஒரு சேதி. மெயின் அருவிக்கு மேலே வேவு ட்ரோன் பறந்தது என்று இன்னொன்று. அது கல்யாண வீட்டுக் கேமராக்காரருடையது. நீர்மூழ்கியை நம்பி, பைனாகுலரோடு குண்டாறுக்குப் போய்ப் பார்த்தவர்களில் பெருமாளும் ஒருவர். அதை அவர் எப்சிபாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எப்சிபா எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

ஆகவே காலை ஆறு மணி தொடங்கி இரவு பத்துவரை வீட்டிலிருப்பவர்களுக்காகவே ஒலிபரப்பு. முதலில் செய்தி. அடுத்து 'புரளிக்குப் பூட்டு'. இடையிடையே பாட்டு. எல்லாவற்றையும்விட ஜனங்கள் காத்துக்கிடந்தது 'வீட்டுக்கு ஒரு குரல்' என்ற நிகழ்ச்சிக்கு. எல்லையில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வீட்டார் நிலையத்துக்கு அனுப்புவார்கள், நிலையம் ஒலிபரப்பும். பெயர், படைப்பிரிவு, ஊர் எதுவும் வரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. 'குரல் போதும், தாய்க்குத் தெரியும்' என்பது ஆனந்தவள்ளி எழுதிய அறிவிப்பு வாசகம்.

"அந்த வாசகந்தான் என் கழுத்தப் பிடிச்சிட்டு," என்றார் அவர். போனை எடுத்து மேசையில் வைத்து ஒன்றை ஓடவிட்டார்.

கரகரத்த இளங்குரல். பின்னால் டக்கடி டக்கடி டக்கென்று விடாத அதிர்வு. "அம்மா, நாந்தான். பார்டர்ல இருக்கேன். நல்லாருக்கேன். சாப்பிட்டேன். சத்தத்தக் கேட்டு பயப்படாத, இங்க ராத்திரி பூரா இப்படித்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

அவ்வளவுதான். பெருமாளுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

"காலைல ரெண்டு தடவ போட்டோம். எந்த வீட்டுலேருந்தும் அனுப்பல, நிலையத்து நம்பருக்கு நேரா வந்திருக்கு. நிலையத்துப் பிள்ள கூப்பிட்டுப் பாத்துச்சு, அனுப்புன போன் சுவிட்ச் ஆஃப்ங்கு. போட்டு முடிக்கலை, மூணு தாய்மார் போன் பண்ணிட்டாவ. அச்சன்புதூர்ல ஒருத்தி, பண்பொழில ஒருத்தி, வடகரைல ஒருத்தி. மூணு பேருக்கும் சண்டை ஆரம்பிச்ச நாள்லேருந்து மகன்கிட்டேருந்து சேதி இல்ல. மூணு பேரும் எம்மகன் குரல்ங்காவ. சத்தியம் பண்ணுதாவ." ஆனந்தவள்ளி கண்ணாடியைக் கழற்றினார். "மூணுல ரெண்டு பேருக்கு நான் பொய் சொல்லியிருக்கேன். எந்த ரெண்டு பேருக்குன்னுதான் தெரியல. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் மைக் முன்னால உக்காரணும்."

"போலீசு?"

"நம்பர அவுக கண்டுபிடிக்க நாலு நாள் ஆகும். நிலையத்த மூட நாலு நிமிஷம் போதும்."

"என்னையப் பத்தி யாரு சொன்னா ஒங்களுக்கு?" பெருமாள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரும் சொல்லல. உங்களுக்கு வேற வேலை இருக்காதுன்னு தோணுச்சு."

பெருமாள் அதைக் காதில் வாங்காதவர்போலப் போனைக் காதருகே வைத்து மறுபடி கேட்டார். டக்கடி டக்கடி டக். "இயந்திரத் துப்பாக்கி," என்று தீர்ப்புச் சொன்னார். "சந்தேகமே இல்ல."

"எந்த ஊர்த் துப்பாக்கி அண்ணாச்சி, இப்படித் தாளம் தப்பாம சுடுது?" என்றாள் எப்சிபா.

"பயிற்சி. ராணுவத்துல எல்லாம் ஒழுங்கு."

எப்சிபா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

இருவரும் எப்சிபாவின் ஸ்கூட்டரில் இலஞ்சிக்குப் போனார்கள். பெருமாளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்தொடர்ந்து துப்பறிகிறவன் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று அதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார்.

வானொலி நிலையத்தில் ஆனந்தவள்ளி ஒலிபரப்பு அறைக்குள் போய்விட்டார். கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் அசைவது தெரிந்தது. தென்காசி ரயில் நிலையம் நின்ற இடத்தில் நன்றாக நிற்கிறது, யாரும் தகர்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே கணினி முன்னால் இருந்தவள் தேஜஸ்வினி, சென்னையில் படித்துவிட்டு வந்து தொகுப்பாளினியாக இருக்கும் பெண்.

"இது முழுசா வந்ததா, நீங்க ஏதாவது கை வச்சியளா?" என்று பெருமாள் கேட்டார். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. அதுகூடச் சாரலில் நனைந்த துண்டை எங்கே உலர்த்தலாம் என்று கேட்க வாயெடுத்து, பாதியில் மாற்றிக் கேட்டதுதான்.

தேஜஸ்வினி முகம் சிவந்தது. "முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் கட் பண்ணேன் சார். ஃபேமிலிஸ் கேக்கறாங்க இல்லையா, பாசிட்டிவா இருக்கட்டும்னு."

வெட்டாத ஒலியை அவள் ஓடவிட்டாள். 'அம்மா, நாந்தான்' என்பதை அடுத்து, "நீ போன எடுக்க மாட்டேங்குத, அதான் இதுல சொல்லுதேன்" என்றொரு வரி இருந்தது. கடைசியில் இன்னொன்று. "சீசன் முடிஞ்சதும் வீட்டுக்கு வாரேன். கதவ மட்டும் தொறந்து வை."

"டீச்சர் இத கேட்டாவளா?" என்றாள் எப்சிபா.

"இல்ல மேம், அவங்க எடிட் பண்ணதுதான் கேட்டாங்க."

"பிடிச்சேன்," என்றார் பெருமாள். "சீசன். பனி சீசன். அப்ப ஆளு மலை உச்சில இருக்கான். பனி விழுத இடத்துல எந்தப் பிள்ளைக்கு வேலைன்னு மூணு வீட்டுலயும் கேட்டாப் போதும்."

"நம்ம ஊர்ல சீசன்னா யாரும் பனியச் சொல்லுததில்லையே அண்ணாச்சி."

"அவன் நம்ம ஊர்ல இல்லையே."

எப்சிபா மூன்று தாய்மாரின் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

பண்பொழிக்கும் வடகரைக்கும் போன் போட்டார்கள். பனியைப் பற்றி இரண்டு தாய்மாருக்கும் தெரியவில்லை. போன் எடுக்காத விஷயத்தைக் கேட்டதும் இருவரும் அழுதார்கள். ஒருத்தி, மகன் பட்டாளத்தில் சேர்ந்தது பிடிக்காமல் இரண்டு மாதம் பேசாதிருந்தவள். இன்னொருத்தி பக்கத்து வீட்டுப் போனில் பேசினாள்; அவளுடையது தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, ரிப்பேர் கடையில் கிடந்தது. எல்லாருக்கும் பொருந்துகிற துப்பு துப்பில்லை, தொப்பி என்று பெருமாளுக்குத் தோன்றியது. தலைக்கு ஏற்ற மாதிரி யாரும் மாட்டிக்கொள்ளலாம்.

அச்சன்புதூருக்கு நேரில் போனார்கள். தங்கபுஷ்பம் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தொடாத வயது. பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் இலை வெட்டியபடியே கிடந்தது. ஒரு பீடிகூடச் சுற்றியிருக்கவில்லை.

"ரேடியோ ஆபீசுலேருந்தா வாரிய? எம்மவன் சுடலைமுத்துதான் அது. ஒங்களுக்கு என்ன சந்தேகம்?"

"சந்தேகமில்லம்மா. ஒரு விவரத்துக்கு. நீங்க போன எடுக்கலன்னு ஒரு வரி அதுல இருக்கு."

அவள் கை தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "சண்டை தொடங்குததுக்கு மொத நாளு. வயல்ல நடுகைக்குப் போயிருந்தேன். போன வீட்டுல வச்சிட்டுப் போயிட்டேன். வந்து பாத்தா ரெண்டு தடவ அடிச்சிருக்கான். திருப்பிப் போட்டா போகல. அன்னைலேருந்து போகல." கொஞ்சம் நிறுத்தினாள். "கோவிச்சுக்கிட்டானோன்னு நெனச்சேன். சொல்லிக்காட்டுதான் பாத்தியளா."

"குரல் நல்லாத் தெரிஞ்சுதா?" என்றாள் எப்சிபா மெதுவாக.

"தொண்ட கட்டியிருக்கு. தூக்கமில்லாம இருப்பான். மத்தபடி அவன்தான்." தங்கபுஷ்பம் எழுந்தாள். "மூணு நாளா தொண்டைல ஒண்ணும் எறங்கல. அவன் சாப்பிட்டேன்னு சொன்னப்பறந்தான் உலை வச்சேன். ரெண்டு பேரும் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

பெருமாளுக்குப் பசி காதை அடைத்தது. ஆனாலும் அந்தச் சோற்றில் கை வைக்க மனம் வரவில்லை. இந்தக் குரல் வேறொருத்தி மகனுடையது என்று தான் கண்டுபிடித்துவிட்டால், இவள் வயிற்றில் இப்போது இறங்கிய சோற்றுக்கு யார் பதில் சொல்வது? துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக, இந்தத் துப்பு துலங்காமல் போனால் நல்லது என்று அவர் நினைத்தார். தன் திறமையின்மேல் அவருக்கு அந்த அளவு நம்பிக்கை இருந்தது.

"இன்னொரு நாள் வாரோம்மா," என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

பண்பொழி தாண்டியதும் வயிறு அவருடைய மனச்சாட்சியைத் தோற்கடித்தது. டாக்டர் புரோட்டாவைத் தொடக்கூடாது என்று சொல்லி வருஷம் ஒன்றாகிறது. வாரத்துக்கு ஒரு முறைதான் தொட்டுவந்தார்.

"எப்சிபா, பசி தாங்கல. வண்டிய நேரா பார்டருக்கு விடு."

ஸ்கூட்டர் குலுங்கி நின்றது. பெருமாளின் மூக்கு அவள் ஹெல்மெட்டில் இடித்தது.

"இப்ப என்ன சொன்னிய?" என்றாள் அவள் திரும்பாமல்.

"பசி தாங்கலன்னேன்."

"அதுக்கு அடுத்து."

"பார்டருக்கு..." பெருமாளின் வாய் திறந்தபடி நின்றது.

தென்காசியிலிருந்து கேரளாவுக்குப் போகிற பாதையில், செங்கோட்டைக்குச் சற்று முன்னால் பிரானூர் இருக்கிறது. பழைய மாநில எல்லை அது என்பதால் ஊருக்குப் பெயரே பார்டர்தான். தென்காசிச் சீமையில் பிறந்து வளர்ந்த ஒருவன் பார்டர் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்: வரிசையாக நிற்கும் புரோட்டாக் கடைகள். கல்யாணம் முடிந்தாலும் பார்டர், கேஸ் ஜெயித்தாலும் பார்டர், ஒன்றுமே நடக்காவிட்டாலும் பார்டர். மூன்று நாள் சண்டைச் செய்தி ஒரு ஜில்லாவின் அகராதியையே மாற்றிவிட்டது. அதில் முதல் ஆளாக மாறினவர், வாரம் தவறாமல் அங்கே இலை போட்டு உட்காருகிற துப்பறியும் நிபுணர்.

"கர்த்தரே," என்றாள் எப்சிபா. "அந்தச் சத்தம்."

"துப்பாக்கி," என்றார் பெருமாள் பலவீனமாக.

"கொத்து புரோட்டா, அண்ணாச்சி."

பார்டரில் இறங்கியதும் அவர்கள் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பத்துக் கடையிலும் பகல் நேரத்திலேயே கொத்து நடந்துகொண்டிருந்தது. வடக்கே நடக்கிற சண்டைக்கும் இங்கே பசிக்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எப்சிபா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று நின்று போனாள். ஒரு கடையில் கொத்துகிறவர் இரண்டு தட்டு தட்டி, ஒரு மூச்சு விட்டு, மூன்றாவதைக் கல்லில் இழுத்தார். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பெருமாள் அதற்குள் உள்ளே போய் உட்கார்ந்திருந்தார். தடயத்தைப் பாதுகாக்க என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்.

கல்லாவில் இருந்தவர் யஹ்யா பாய். ஒலியைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "இது நம்ம சுப்பு குரல்லா. சிவசுப்பிரமணியன். புரோட்டா மாஸ்டரு. நேத்து ராத்திரி கடை வாசல்ல நின்னு போன்ல என்னமோ பேசிக்கிட்டிருந்தான். ஏன், என்ன விஷயம்?"

"காலைல ரேடியோ கேக்கலையா பாய்?" என்றாள் எப்சிபா.

"கடைல டிவிதான். ராத்திரி வேலை பாத்தவன் மத்தியானம் வரைக்கும் போன அணைச்சுட்டுத் தூங்குவான். இப்பத்தான் எந்திச்சு வந்தான். அந்தா நிக்கான்."

மாவுக் கல்லின் முன்னால், முப்பது வயதுக்குள் ஒருவன் மாவை வீசி வீசி விரித்துக்கொண்டிருந்தான். மூக்கு நுனியில் மாவு. எப்சிபா அவனிடம் போய், "தம்பி, நீங்க ரேடியோவுக்கு வாய்ஸ் அனுப்புனியளா?" என்றாள்.

வீசிய மாவு கல்லில் ஏடாகூடமாக விழுந்தது. "அம்மா கேட்டாளா?"

"ஜில்லாவே கேட்டுச்சு."

நடந்ததை எப்சிபா சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறியது. "சண்டையப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே நான். பார்டர்ல இருக்கேன்னு சொன்னேன், அவ்வளவுதான். கொத்துச் சத்தம் அம்மாவுக்கு ஆகாது, அதான் பயப்படாதன்னேன். ரேடியோல போடுவாவன்னு யாரு கண்டா?"

"பின்ன ரேடியோ நம்பருக்கு எதுக்குலே அனுப்புன?" என்றார் பெருமாள், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

"என் நம்பர அம்மா பிளாக் பண்ணி வச்சிருக்கா. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு இங்க வந்து நின்னேன். வெள்ளிக்கிழமை பூண்டுகூடச் சேக்காத வீடு எங்க வீடு. பிள்ள கறிச்சால்னாக் கடைல நிக்கான்னா அவளுக்குத் தாங்குமா? அந்த ரேடியோ நம்பர் ஒண்ணுதான் அவ கண்ணுல படும். அங்கதான இருக்கா அவ."

"எங்கன?"

"இலஞ்சி ரேடியோல. அவதான அத நடத்துதா."

பெருமாள் கையிலிருந்த புரோட்டாத் துண்டை இலையில் வைத்தார். மூன்று தாய்மார் இந்தக் குரலை என் மகன் என்று சத்தியம் செய்தார்கள். பெற்றவள் போனைக் கையில் எடுத்து வந்து, மேசையில் வைத்து, இது யார் மகன் என்று கண்டுபிடித்துச் சொல் என்றாள்.

"நீங்களும் வாரியளா?" என்று எப்சிபா அவனைக் கேட்டாள்.

அவன் விழுந்த மாவை எடுத்து மறுபடி உருட்டினான். "அவ கூப்பிட்டா வாரேன்."

ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பெருமாள் நேரே இலஞ்சிக்குப் போகலாம் என்றார். எப்சிபா வண்டியை வந்த வழியே திருப்பினாள்.

"ரேடியோல தெரிஞ்சிக்கிட விடக்கூடாது அண்ணாச்சி. மூணு வீட்டுலயும் நேர்ல போய்ச் சொல்லணும். நீங்கதான் சொல்லணும்."

"நீ சொல்லேன்."

"போர்டுல எம்பேரா இருக்கு?"

"எம்பேரும் பாதிதான இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

வடகரைக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். பண்பொழிக்காரி பெருமாளைத் திட்டினாள். நியாயமான திட்டு என்று அவருக்குத் தோன்றியது. அச்சன்புதூரில் தங்கபுஷ்பம் இப்போது பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தட்டில் பாதி நிறைந்திருந்தது. பெருமாள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தொடங்கினார். "அம்மா, விசாரணைல என்ன தெரிய வருதுன்னா..." அதற்குமேல் வரவில்லை. மறுபடி தொடங்கினார். "விசாரணைல..."

தங்கபுஷ்பம் அவர் முகத்தையே பார்த்தாள். கை தானாக நின்றது.

"எம்மவன் இல்ல," என்றாள்.

பெருமாள் தலையை ஆட்டினார். ஊருக்குள் எத்தனையோ பேரின் ரகசியத்தை முகத்தில் படிப்பதாகச் சொல்லித் திரிகிறவர். அவர் முகத்தை இத்தனை சுலபமாக யாரும் படித்ததில்லை.

"காலைல கேக்கயில எம்மவனாத்தான் இருந்தான்," என்றாள் அவள். யார்மேலும் கோபம் இல்லாத குரல். "ரெண்டாந்தரம் போட்டாவ, அப்பமும் அவனேதான். அப்ப அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்காளா?"

"இருக்காவ. பேச்சுவார்த்தை இல்ல."

தங்கபுஷ்பம் தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்தாள், சுற்றவில்லை, திரும்ப வைத்தாள். எப்சிபா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தாள்.

இலஞ்சிக்குள் நுழையும்போது ஆறு மணி ஆகப்போகிற நேரம். ஆனந்தவள்ளி மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இவர்களைக் கண்டதும் எழுந்து வந்து கதவைத் திறந்து, "யாரு மகன்?" என்றார்.

பெருமாள் இந்தத் தடவை ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. "உங்க மகன், டீச்சர். பார்டர்னா நம்ம பிரானூர் பார்டர். துப்பாக்கி இல்ல, கொத்து புரோட்டா. சுப்பு."

ஆனந்தவள்ளி கணினி முன்னால் வந்து நின்றார். தேஜஸ்வினி வெட்டாத ஒலியை ஓடவிட்டாள். நீ போன எடுக்க மாட்டேங்குத. கதவ மட்டும் தொறந்து வை. அது முடிந்ததும் அவர் மறுபடி போடச் சொன்னார். அப்புறம் ஒருமுறை.

"மூணு பேரு எம்மகன்னு சொன்னாவ," என்றார் கடைசியில். "எடிட் பண்ணி இந்தப் பிள்ள என்கிட்ட போட்டுக்காட்டுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பின்னால இரைச்சல் ஜாஸ்தி, கொறைக்க முடியுமான்னு கேட்டேன்."

ஆனந்தவள்ளி ஒலிபரப்பு அறைக்குள் திரும்பிப் போனார்.

மணி ஆறு. சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் முன்னால் எப்போதும் தூய தமிழில் பேசுகிறவர் அன்று வீட்டுப் பேச்சில் பேசினார்.

"குறுஞ்சாரல் நேயர்களுக்கு ஆனந்தவள்ளி பேசுதேன். காலைல ஒரு குரல் போட்டோம். எல்லைல இருக்க பிள்ளையோட குரல்னு நாங்களா நெனச்சுக்கிட்டுப் போட்டோம். அது தப்பு. விசாரிக்காம போட்டது என் தப்பு. அது எம்மகன் குரல். அவன் பிரானூர் பார்டர்ல புரோட்டாக் கடைல வேலை பாக்கான். அவன் போன நான் எடுக்குததில்ல. அதனாலதான் இந்த நிலையத்துக்கு அனுப்பியிருக்கான். ஒங்கள்ல மூணு வீட்டுக்கு நான் இன்னைக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சுப்பு, நீ இத கேக்கியா தெரியல. கேட்டா ராத்திரி வேலை முடிஞ்சு போன் போடு. எடுப்பேன்."

அடுத்தது செய்தி என்று தேஜஸ்வினி சைகை காட்டினாள். அதற்குள் நிலையத்துப் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற பாவத்துக்குப் பெருமாள்தான் எடுக்க வேண்டியதாயிற்று. தங்கபுஷ்பம்.

"அந்தக் குரல இன்னொருதரம் போடச் சொல்லுங்க."

"அம்மா, அது உங்க மகன் இல்லன்னு..."

"தெரியும். வெட்டாம முழுசாப் போடச் சொல்லுங்க. எவன் மவனா இருந்தா என்ன, சாப்பிட்டேன்னு சொல்லுதான்லா."

பெருமாள் போனைக் கையில் பிடித்தபடியே கண்ணாடிக்கு அப்பால் சொன்னார். ஆனந்தவள்ளி கொஞ்சம் யோசித்தார். பிறகு செய்தியை நிறுத்திவிட்டு அதை முழுவதும் போடச் சொன்னார். ஒரு வீட்டுச் சண்டை ஜில்லா முழுக்கக் கேட்டது. யாரும் புகார் சொல்லவில்லை. அன்றிரவு பார்டரில் கூட்டம் தாங்கவில்லை என்றும், மாஸ்டரைப் பார்க்கவே பாதிப் பேர் வந்தார்கள் என்றும், இடையில் அவனுக்கு இலஞ்சியிலிருந்து ஒரு போன் வந்ததும் யஹ்யா பாய் தானே மாவுக் கல்லுக்குப் போய் நின்றார் என்றும் பிறகு கேள்வி.

வழக்கு அதோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அடுத்த இரண்டு நாளும் பெருமாள் எப்சிபாவை வற்புறுத்தி அச்சன்புதூருக்குப் போனார். விசாரணை பாக்கி இருக்கிறது என்றார். என்ன விசாரணை என்று எப்சிபா கேட்கவில்லை. தங்கபுஷ்பத்தின் வீட்டில் மூன்று பேரும் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எப்சிபா பீடிக்கு இலை வெட்டிக் கொடுப்பாள். பெருமாளும் ஒரு தடவை வெட்டிப் பார்த்தார். அவர் வெட்டிய இலையில் தண்ணீர்க் குழாய்தான் சுற்ற முடியும் என்று தங்கபுஷ்பம் அதை ஒதுக்கிவைத்தாள்.

மூன்றாம் நாளும் போனார்கள். அன்று காலையில் சண்டை நின்றதாகச் செய்தி வந்தது. பண்பொழிப் பிள்ளையும் வடகரைப் பிள்ளையும் பேசிவிட்டார்கள் என்று நிலையத்திலிருந்து சொன்னார்கள். மத்தியானம்வரை தங்கபுஷ்பத்தின் போன் சும்மா கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பெருமாள்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணிக்கு மேல் அது அடித்தது. இரண்டாவது மணி அடிக்க அவள் விடவில்லை.

"ஏலே," என்றாள். "எவ பெத்த பிள்ளையோ, சாப்பிட்டேன்னு எனக்கு எப்பமோ சொல்லிட்டான். ஒனக்கு இப்பத்தான் வாய் தொறந்துச்சா?"

அந்தப் பக்கம் அவன் என்னவோ சொன்னான். அவள் போனைக் காதோடு அழுத்திவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெருமாள் எட்டி ரேடியோவை அணைத்தார்.